டம்பெல் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே தொழில் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கேக், முறுக்கு, ரவிக்கை தைப்பது, மருதாணி, துணைப்பாடம். அந்த வரிசையில் இப்போது தனிநபர் உடற்பயிற்சியும் சேர்ந்துவிட்டது. நான் முன்பு ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் வேலை பார்த்தவள், சில ஆண்டுகளாகத் தனியாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அதனால் இந்தத் தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள், பெரும்பாலும் இளையர்களும் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு நேரம் கிடைக்கும் தாய்மார்களும், என்னிடம் வந்து விசாரிப்பார்கள். எந்த டிரெட்மில் நல்லது, ஒரு படுக்கையறையை காலி செய்து கண்ணாடி பதித்தால் எவ்வளவு ஆகும், இன்ஸ்டாகிராமில் ஆட்களை எப்படிப் பிடிப்பது, லோகோ யாரிடம் செய்வது, எல்லாம் கேட்பார்கள். வருகிறவருக்கு சர்க்கரை இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் முதலில் கேட்பதில்லை. நம் சமூகத்தில் இந்தத் தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் அதுதான் முதல் கேள்வி, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சிங்கப்பூரில் நடக்கும் தேசிய சுகாதார ஆய்வுகளில் இன வாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகமாகவே இருக்கிறது. 2016-இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அறிவித்தது. 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்தது, இப்போது 40 வயதைத் தாண்டியவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டு தொடர்ந்து பார்க்கலாம். மருத்துவரும் சொல்கிறார்: வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு நடமாட்டம் வேண்டும், அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று. சரி, நடப்பதை எல்லோரும் நடந்துவிடுவார்கள். தசைப் பயிற்சியை 60 வயது அம்மாவுக்கு யார் சொல்லித் தருவது? அரசாங்கத்தின் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடத்துக்குள் நுழையக் கட்டணம் குறைவுதான், காசு ஒரு தடையே இல்லை. ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு, பக்கத்தில் இளைஞர் கூட்டம், இதற்குள் பாவாடை தாவணி காலத்திலிருந்து ஓடியே பழகாத ஒருவர் தனியாகப் போய் எந்த இயந்திரத்தைத் தொடுவார்? வீட்டுக்கே வந்து, அவருடைய மொழியில் பேசி, சோறு சாப்பிடுகிறவரின் நாளைப் புரிந்துகொண்டு சொல்லித்தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு நிச்சயமாக வேலை இருக்கிறது.

ஆனால் அந்த வேலைக்கு, யூடியூபைப் பார்த்து 25 வயது உடம்பில் செய்து பழகியது போதாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போதோ அதற்குப் பிறகு பல மணி நேரம் கழித்தோ சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு, தொடங்குவதற்கு முன் குருதிப் பரிசோதனையில் சர்க்கரை 5-க்குக் கீழே (மில்லிமோல்/லிட்டர் கணக்கில்) காட்டினால் ஏதாவது மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 4-க்குக் கீழே போனால் அது பயிற்சி நேரமே இல்லை, உடனே சர்க்கரை கொடுத்துக் கவனிக்க வேண்டிய நேரம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம், இதைப் பார்த்துவிட்டு "இன்னும் 5 முறை, கமான்" என்று உற்சாகப்படுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதயத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சியைக் கூட்டவே கூடாது, பேச முடிகிறதா என்று பேசவைத்துப் பார்ப்பதுதான் வழி. அதே மாத்திரை சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும். நீரிழிவால் விழித்திரை மோசமாகப் பாதிக்கப்பட்டவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமானதைத் தூக்கக் கூடாது, மருத்துவரிடம் கேட்காமல் அவருக்குப் பளு கொடுப்பதே தவறு.

இன்னொன்று, இதை எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இந்த மாதிரிப் படித்ததில்லை. நம் வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கழற்றத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு துள்ளிக் குதித்தால் காலில் கீறல் விழுந்தது அவருக்கே தெரியாது, புண் பெரிதான பிறகுதான் தெரியும். வீட்டுக்குள் போடுவதற்கென்றே ஒரு ஜோடி சுத்தமான காலணி வாங்கி வைக்கச் சொல்லுங்கள், பயிற்சி முடிந்ததும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மாமியார் முகம் சுளிப்பார், அப்புறம் அவரே தனக்கும் ஒரு ஜோடி கேட்பார்.

விரதம் இன்னொரு விஷயம். புரட்டாசி சனிக்கிழமை, தைப்பூசத்துக்கு முந்திய நாட்கள், முஸ்லிம் அன்பர்களுக்கு ரமலான் மாதம் முழுவதும், இவையெல்லாம் நம் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. பட்டினியாக இருப்பவரைப் பகல் 3 மணிக்குப் பளு தூக்கவைக்காமல், நோன்பு திறந்த பிறகு இலேசாகச் செய்யலாமா, இன்சுலின் அளவை மருத்துவர் மாற்றியிருக்கிறாரா என்று கேட்டு அட்டவணையை முன்கூட்டியே மாற்றுவது பயிற்றுநரின் வேலை. உணவைப் பற்றிப் பொதுவாகப் பேசலாம், மருந்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. "சர்க்கரை குறைஞ்சிருச்சே, மாத்திரையைப் பாதியாக்கலாமா?" என்று உங்களைத்தான் கேட்பார்கள், மருத்துவரைக் கேட்க மாட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தனிநபர் பயிற்றுநர் ஆக இங்கே சட்டப்படி உரிமம் எதுவும் எடுக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் நாளைக் காலையில் "ஃபிட்னஸ் கோச்" என்று போட்டுக்கொள்ளலாம், அதுதான் எனக்குக் கவலை. அனைத்துலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு சான்றிதழ், அதோடு முதலுதவி, சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறை), ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) பயிற்சி, இவை கையில் இல்லாமல் ஒருவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது என் கருத்து. 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024-இல் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை பலரிடம் தொடாமலேயே கிடக்கிறது. எந்தப் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்த முடியும் என்று இணையத்தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்கு முதல் முறை போகும்போது அவர் புளோக்கில் ஏஇடி கருவி எந்த மின்தூக்கித் தளத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு புளோக்குக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள், பக்கத்து புளோக்கில்கூட இருக்கலாம். 995-ஐ அழைத்துவிட்டு அதைத் தேடி ஓடிக்கொண்டிருக்க முடியாது.

இனி இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறு அளவில் தொழில் செய்ய ஒரு திட்டம் இருக்கிறது, அதன் நிபந்தனைக்குள் வருகிற தொழிலுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனைகளை வாசித்துத்தான் ஆக வேண்டும். தொழிலை அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் நடத்த வேண்டும், வெளி ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாத கனரகக் கருவிகளை இறக்கக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. துணைப்பாடத்துக்கே ஒரே நேரத்தில் 3 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இதை வைத்தே புரிந்துகொள்ளலாம், எட்டுப் பேரைக் கூடத்தில் நிறுத்தி ஸும்பா ஆடவைக்கும் திட்டம் இந்தச் சட்டகத்துக்குள் நிற்காது என்று. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் ஒரு பக்கம். கீழ்வீட்டுக்காரர் இன்னொரு பக்கம், அவர்தான் உண்மையான அதிகாரி. 20 கிலோ பாரம் தரையில் விழுந்தால் உங்களுக்கு அது ஒரு 'டப்', அவருக்கு அது கூரை இடிவது. ரப்பர் விரிப்பு போட்டாலும் குதிக்கும் பயிற்சியின் அதிர்வு கீழே போகத்தான் செய்யும். காலை 6 மணிக்கு ஒரு வாடிக்கையாளர், இரவு 9 மணிக்கு ஒருவர், மின்தூக்கியில் தினமும் முகம் தெரியாதவர்கள், இதையெல்லாம் பார்த்துவிட்டு யாராவது புகார் கொடுத்தால் அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வராது. புளோக்கின் கீழ்த்தளம் நகர மன்றத்தின் பொறுப்பு, அதை உங்கள் சொந்த வகுப்பறை ஆக்கிக்கொள்ள முடியாது. ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடத்துக்குள் அனுமதியில்லாமல் உங்கள் ஆளைக் கூட்டிப்போய்க் காசுக்குப் பயிற்சி கொடுக்கவும் கூடாது. கொண்டோமினியத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டால், வெளிப் பயிற்றுநரை அங்கே விடுவார்களா என்று நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

அதனால்தான் நான் எல்லோருக்கும் சொல்வது, உங்கள் வீட்டை மாற்றாதீர்கள், அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒரு முதுகுப் பையில் எல்லாம் அடங்கும்: மீள்பட்டைகள் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைகள்), ஒரு விரிப்பு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு குறிப்பேடு. மற்றதெல்லாம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 கிலோ அரிசிப் பையை இடுப்பை மடக்கி முறையாகத் தூக்குவது. 60 வயதைத் தாண்டியவருக்கு மாதக்கணக்கில் செய்ய வேலை இதிலேயே இருக்கிறது. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு இரண்டு கையிலும் பையோடு பேருந்தில் ஏறுவது அவருக்கு எளிதானால், அவரே நாலு பேரிடம் சொல்வார், அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. முன்-பின் புகைப்படம் போட்டு ஆள் பிடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. போட்டே தீர வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். அவருடைய நோய் விவரம் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாள் தொழிலுக்கும் பொருந்தும்.

வீடு வீடாகப் போவதில் ஒரு கணக்கு மட்டும் போட்டுவிட்டு இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 80 வெள்ளி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செங்காங்கிலிருந்து ஜூரோங் வெஸ்ட்டுக்கு எம்ஆர்டி, பேருந்து, நடை எல்லாம் சேர்த்துப் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்றால், மூன்றரை மணி நேரத்துக்கு 80 வெள்ளி, மணிக்கு 23 வெள்ளிகூட இல்லை. அதுவும் பயணக் கட்டணம், காப்புறுதி, வரி எல்லாம் கழிப்பதற்கு முன்னால். அதே 80 வெள்ளி, நடந்துபோகும் தூரத்தில் மூன்று வீடு என்றால் வேறு கதை. உங்கள் வட்டாரத்தை விட்டு வெளியே போகாதீர்கள். தூரத்தில் இருப்பவரை அங்கே இருக்கும் வேறு பயிற்றுநரிடம் அனுப்புங்கள், அவரும் உங்கள் பக்கம் ஒருவரை அனுப்புவார்.

விலையைப் பற்றி வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. "தெரிஞ்ச பொண்ணுதானே, பார்த்துப் போட்டுக்கொடு" என்கிற பேச்சு இந்தத் தொழிலில் அதிகம். ஒருவர் பேரம் பேசிப் பாதி விலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் மகளையும் கூட நிறுத்திக்கொண்டார், இரண்டு பேருக்கு ஒரு கட்டணம். வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் "இன்னைக்கு விருந்தாளி வந்துட்டாங்க, நாளைக்கு வா" என்று வாட்ஸ்அப் வரும். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் இதற்கு மருந்து. பல் மருத்துவரிடம் யாரும் அப்படிச் செய்வதில்லையே.

அதே நேரம் பயிற்றுநர்களும் 50 அமர்வு, 100 அமர்வு என்று முன்பணம் வாங்காதீர்கள். 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் கிளைகள் இங்கே மூடப்பட்டபோது, முன்பணம் கட்டிவிட்டுத் தவித்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், காய்ச்சலில் நான் படுத்தாலே நின்றுவிடும் என் தொழிலில் ஒருவருடைய ஆயிரக்கணக்கான வெள்ளியை நான் வைத்திருப்பது நியாயமில்லை. நாலு அமர்வுக்கு மட்டும் வாங்குங்கள், பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாக வாங்கினால் இருவரிடமும் பதிவு இருக்கும்.

தாள் வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. அடையாள அட்டையில் இருக்கும் உங்கள் முழுப் பெயரிலேயே தனியாளாகச் செய்தால் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தில் வர்த்தகப் பதிவு தேவையில்லை, வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். வருமானத்தை ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும், ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். செலவு போக ஆண்டு வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக்குக் கட்டியாக வேண்டும், இதை மறந்துவிட்டுப் பிறகு மொத்தமாகக் கட்டுகிறவர்கள் நிறைய. முதலாளி இல்லாததால் மசேநிதியில் (மத்திய சேம நிதியில்) வேறு யாரும் உங்களுக்குப் பணம் போட மாட்டார்கள் என்பதையும் கட்டணம் வைக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புக் காப்புறுதி ஒன்று எடுங்கள். வீட்டுக்கு எடுத்திருக்கும் சாதாரணக் காப்புறுதி, தொழிலின்போது வாடிக்கையாளர் இடறி விழுந்தால் கை கொடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கணவரோடு வந்து சார்ந்திருப்போர் அட்டையில் இருக்கும் சகோதரிகள் பலர் இதைக் கேட்கிறார்கள், அங்கே யோகா ஆசிரியையாக இருந்தவர்களும் உண்டு. 2021 மே முதல் விதி மாறிவிட்டது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்ய இப்போது முறையான வேலை அனுமதி வேண்டும், சொந்தத் தொழிலுக்கு இருக்கும் வழியிலும் உள்ளூர்வாசி ஒருவரை வேலைக்கு வைப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. "பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும்தானே, கையில்தானே காசு வாங்குறேன்" என்று தொடங்காதீர்கள், மனிதவள அமைச்சிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் தம்பிமாருக்கும் இதேதான், அனுமதி பெற்ற வேலை தவிர வாரயிறுதியில் இன்னொன்று என்பது கிடையாது.

கடைசியாக, இந்தக் கடிதம் சமூக மன்றங்களிலும் அடித்தள அமைப்புகளிலும் தொண்டூழியம் செய்கிறவர்கள் கண்ணில் பட்டால் ஒரு வேண்டுகோள். குடியிருப்புப் பேட்டைகளில் இருக்கும் வசிப்போர் அமைப்புகளின் அறைகள் வார நாள் காலையில் பல இடங்களில் சும்மாதான் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கிறேன். முதலுதவிச் சான்றிதழும் பயிற்றுநர் சான்றிதழும் காட்டுகிறவர்களுக்கு அந்த நேரத்தைச் சிறு வாடகைக்குக் கொடுத்தால், தன் வீட்டில் இடமில்லாத பயிற்றுநருக்கும் மருமகள் வீட்டில் வெளியாளை வரவழைக்கத் தயங்கும் பாட்டிக்கும் ஒரே இடத்தில் வழி கிடைக்கும். சக்கர நாற்காலி போகக்கூடிய தரைத்தள அறையாக இருந்தால் இன்னும் நல்லது. நாற்காலிகளை மட்டும் கைப்பிடி இல்லாதவையாக, வழுக்காதவையாகப் போட்டு வையுங்கள், மற்றதை நாங்கள் பையில் கொண்டுவந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உடற்பயிற்றுநர், வாசகி
செங்காங்